எழுத்துக்கு ஒன்றரை டொலர்

அணியின் சாமான்களுக்குப் பொறுப்பான ஆர்னி
செவ்வாய்க்கிழமைகளில் சட்டைகளை மூட்டையாய்க் கொண்டுவருவான்.
எத்தனை தரம் கழுவினாலும்
கக்கத்து மணம் போகாத சட்டைகள்.
முதுகில் பெயர் தைக்க
எழுத்துக்கு ஒன்றரை டொலர்.
பிரிக்க ஐம்பது சதம்.

வாசிலென்கோவை எண்ணித்தான் முதலில் அறிந்தேன்.
ஆங்கிலத்தில் ஒன்பது. பதின்மூன்றரை டொலர்.
தமிழில் ஐந்தே எழுத்து,
நட்டப்பட்டிருப்பேன்.
இலக்கம் பதினேழு.
தொண்ணூற்றிரண்டு ஒக்டோபர்,
தண்டர் பேயில் ஏரிக்காற்று
கடைக் கதவைத் தானே திறந்து பார்க்கிற மாதம்.

டிசம்பரில் பிரித்தேன்.
வேறு அணிக்குக் கொடுத்தாச்சு என்றான் ஆர்னி.
பதிலுக்கு யார் வருகிறார்?
ஒருவருமில்லை.
'பின்னர் கருத்தில் கொள்ளப்படும்' என்று
தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பார்களாம்.
எனக்கும் அப்படியொரு கடிதம்
ஒட்டாவாவிலிருந்து வந்து லாச்சிக்குள் கிடந்தது.
ஆளைப் பார்க்காமலே
அவனை எனக்கு விளங்கிற்று.

அதே சட்டைக்கு லீ என்றொரு பெடியன் வந்தான்.
மூன்று எழுத்து, நாலரை டொலர், தரித்திரம்.
அவன் பெயரின் இரண்டு பக்கமும்
பழைய ஊசித்துளைகள்
நூலில்லாமல் நின்றன.
பெப்ரவரியில் லீக்கு முழங்கால் போனது.
மறுபடி வாசிலென்கோ.
அளவெடுக்கவில்லை.
துளைக்குத் துளை ஊசியை விட்டேன்,
அரை மணித்தியாலத்தில் முடிந்தது.
காசு முழுதாகத்தான் வாங்கினேன்.

இடையில் எங்கெங்கோ போனான்.
பிளின்ட், மஸ்கீகன்,
ஐஸ் என்றால் குடிக்கிற கிளாசுக்குள் மட்டும் கண்ட
லூசியானாவில் ஒன்றரைப் பருவம்,
இத்தாலியில் ஒரு மலையடிவாரம்.
அங்கே மூன்று மாதச் சம்பளம் இன்னும் நிலுவை.
பதினாலு வருசம், பதினொரு அணி.
மூன்று தரம் நான் தைத்தேன்,
மூன்று தரம் பிரித்தேன்.

ஒரேயொரு ஆட்டம் பார்த்தேன், ஆர்னி தந்த ஓசி டிக்கெட்.
பந்துமில்லை, அது ஒரு கறுப்பு வில்லை,
என் கண்ணுக்கு அகப்படவேயில்லை.
முதுகுகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் பகுதியில் அடிபிடி.
எதிராளி அவன் சட்டையைத் தலைக்கு மேலால் இழுத்து
உரிச்ச கோழி மாதிரி ஆக்கிவிட்டான்.
சனம் எழும்பிக் கத்துகிறது.
கடைசி 'ஓ' கிழியுதோ என்று பார்த்தேன் நான்.
கிழியவில்லை.

போன கிழமை ஆளே கடைக்கு வந்தான்.
மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை,
வலது தோள் இடதைவிடத் தாழ்வு.
கடதாசி ஆலையில் இரவு வேலை கிடைத்திருக்கிறதாம்,
களிசானைக் கட்டையாக்க வேணும்.
முழந்தாளிட்டுக் குண்டூசி குத்தும்போது
பையிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்துக் காட்டினான்.
பெரிய லீக் சட்டை.
ஒரு இரவு, பதினொரு நிமிசம் விளையாடினது.
கோல்? இல்லை.
ஒரு தரம் கம்பத்தில் பட்டுத் திரும்பினதாம்,
அந்தச் சத்தத்தை நாக்கால் செய்து காட்டினான்.

நான் பின்பக்கத்தைத் திருப்பினேன்.
மெசின் வேலை. 'கே' சரிந்திருந்தது.
இவ்வளவு பணமுள்ள இடத்தில்
இப்படியா தைப்பார்கள் என்று கேட்டுவிட்டேன்.
"பின்னேரம் நாலு மணிக்குத்தான் என்னைக் கூப்பிட்டவை," என்றான்,
"ஏழு மணிக்கு ஆட்டம்.
யாரோ ஓடி ஓடித் தைத்திருப்பினம்."
சொல்லும்போது
முகம் முழுக்கச் சிரிப்பு.

களிசானுக்குப் பன்னிரண்டு டொலர்.
பொக்கெற்றைத் தடவினான், பேர்சை வாகனத்திலும் காணோம்.
"பின்னர் கருத்தில் கொள்ளப்படும் என்று எழுதுங்கோ."
கடன் கொப்பியில் அப்படியே எழுதினேன்,
பெயரைத் தமிழில்.
எட்டிப் பார்த்தான்.
இவ்வளவுதானா நான் என்றான்.
இவ்வளவுதான் என்றேன்.

இன்றைக்கு வியாழன்.
இன்னும் வரவில்லை.